கார்டன் ஷெட்டுல இருக்கிற லேபிள் இல்லாத பாட்டில்கள்: கம்யூனிட்டி கார்டன் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ல ப்ளாக் அடியில தோட்டம் போடற எல்லா குழுத் தலைவர்களுக்கும், தினமும் தண்ணி ஊத்தற அங்கிள் ஆன்ட்டி எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். பூச்சிமருந்த தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க, ப்ளீஸ். எங்க பேட்டையில ஒரு தோட்டத்துல இல்ல, பல தோட்டத்துல பாத்துட்டேன், மினரல் வாட்டர் பாட்டில்ல வெள்ளையா எதையோ கலக்கி மூடி ஷெல்ஃப்ல வச்சிருக்காங்க, பேரும் இல்ல லேபிளும் இல்ல, ஷெட்டுக்கு பூட்டும் கிடையாது. என்னன்னு கேட்டா, ஊர்ல இருந்து தம்பி கொண்டாந்தான், வெண்டைக்கு அடிச்சா ஒரு பூச்சி நிக்காதுன்னு பெருமையா சொல்றாங்க. என்ன மருந்துன்னு மட்டும் தெரியல.

அப்படி வர்ற பாட்டில்ல பல நேரம் இருக்கறது மாலத்தியான், குளோர்பைரிபாஸ், டைமீத்தோயேட் மாதிரி ஆர்கனோபாஸ்பேட்னு சொல்ற, நரம்ப தாக்கற பூச்சிமருந்து வகை. இத எண்ணெய் மாதிரி ஒரு கரைப்பான்ல கரைச்சு விப்பாங்க, தண்ணி சேர்த்தா பால் நிறத்துக்கு வந்துடும். நாலு வயசு புள்ளைக்கு அது பாலு, மறதி நோய் இருக்கிற தாத்தாவுக்கு அது பார்லி தண்ணி. வெயில்ல விளையாடிட்டு தாகத்தோட வர்ற குழந்தை மூடிய திறந்து குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

குடிச்சா உடம்புல என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கோங்க. நரம்பு தசைக்கு தகவல் அனுப்பறதுக்கு அசிட்டைல்கோலின்னு ஒண்ணு சுரக்கும், வேலை முடிஞ்சதும் அத உடைக்க ஒரு என்சைம் இருக்கு. இந்த விஷம் அந்த என்சைம போய் பிடிச்சுக்கும், அப்புறம் டேப்ப திறந்து விட்டுட்டு மூட ஆளே இல்லாத மாதிரிதான். வாய்ல எச்சில் ஒழுகும், கண்ணு மூக்குல தண்ணி, வாந்தி, பேதி, வேர்வை, கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிடும், தசையெல்லாம் துடிக்கும், நெஞ்சு உள்ள சளி நிரம்பி மூச்சே விட முடியாது. பெரும்பாலும் உயிர் போறது இந்த மூச்சுல தான். சிலருக்கு மொதல்ல சரியான மாதிரி தெரிஞ்சு, ஒண்ணுல இருந்து நாலு நாளைக்குள்ள கழுத்து தசையும் மூச்சு தசையும் தளர்ந்து போகும். சில வகையில ரெண்டு மூணு வாரம் கழிச்சு கால் மரத்து நடக்க முடியாம போறதும் உண்டு. அதனால 'இப்ப பரவால்ல'ன்னு ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்துடாதீங்க.

லேபிள் ஏன் இவ்வளவு முக்கியம்னா, அட்ரோப்பின்னு ஒரு மருந்து உடனே குடுப்பாங்க, அது எச்சிலையும் சளியையும் அடக்கும். ஆனா மாட்டிக்கிட்ட என்சைம விடுவிக்க ப்ராலிடாக்சிம்னு இன்னொரு மருந்து இருக்கு, அதுக்கு நேரக் கணக்கு உண்டு, சில வகை விஷம் சில மணி நேரத்துலயே என்சைம நிரந்தரமா பூட்டிடும், சிலதுக்கு ஒரு நாளுக்கு மேல ஆகும். எந்த வகைன்னு டாக்டர் தெரிஞ்சுக்கணும்ல? பேர் இல்லாத பாட்டில கொண்டு போய் நீட்டினா அவங்க என்ன பண்ணுவாங்க?

பாத்திரம் மாறினா என்ன ஆகும்னு 2013 ஜூலைல பீகார்ல பாத்தோம். சரன் மாவட்டத்துல பள்ளிக்கூட மதிய சாப்பாடு சாப்பிட்டு 23 குழந்தைங்க செத்துப் போச்சு. சமைச்ச எண்ணெய்ல மோனோகுரோட்டோபாஸ்னு பூச்சிமருந்து இருந்தது சோதனையில தெரிஞ்சுது, பூச்சிமருந்து இருந்த டப்பாவுல அந்த எண்ணெய வச்சிருந்ததா சொன்னாங்க, அதுவும் இதே ஆர்கனோபாஸ்பேட் தான். எனக்கு அந்த செய்தி இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

மிருகங்களுக்கும் இதே கதிதான். 2024 செப்டம்பர்ல இருந்து எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்ல பூனை வளர்க்க அனுமதி இருக்கு, ப்ளாக் அடியில சுத்தற பூனைங்களும் இருக்கு. பூனை குடிக்கவே வேணாம், செடியில உரசிட்டு வந்து முடிய நக்கினாலே உள்ள போயிடும், குளோர்பைரிபாஸ்க்கு பூனை உடம்பு ரொம்பவே தாங்காது. மைனா மாதிரி பறவைங்களுக்கு இத உடைக்கிற சக்தி இன்னும் கம்மி. எச்சில் ஒழுகி, நடுங்கிட்டு இருக்கிற பூனைய பாத்தா நேரா மிருக டாக்டர்கிட்ட ஓடுங்க, அவங்களும் அட்ரோப்பின் தான் போடுவாங்க.

யாராவது குடிச்சிட்டா ஆம்புலன்ஸுக்கு 995 போன் அடிங்க. உப்புத்தண்ணி, புளித்தண்ணி கரைச்சு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, அந்த கரைப்பான் நுரையீரலுக்குள்ள போனா இன்னும் மோசம். மருந்து பட்ட துணிய கழட்டி உடம்ப சோப்பு போட்டு கழுவணும், கையுறை போட்டுக்கிட்டு, ஏன்னா தோல் வழியாவும் இது ஏறும். வாயோட வாய் வச்சு மூச்சு குடுக்காதீங்க. பாட்டில கையோட எடுத்துட்டு போங்க.

குழுக்கள்கிட்ட கேக்கறது இதுதான்: ஷெட்டுக்கு பூட்டு போடுங்க, கம்பெனி லேபிள் இல்லாத எதையும் உள்ள விடாதீங்க, ஊர்ல இருந்தோ ஜோகூர்ல இருந்தோ யார் கொண்டாந்தாலும் சரி. எப்ப எத அடிச்சோம்னு போர்டுல நாலு மொழியிலயும் எழுதுங்க, கருவேப்பில பறிக்க வர்றவங்க பாத்துட்டு பறிக்கட்டும். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் சோப்புத்தண்ணியும் வேப்பெண்ணெயுமே பெரும்பாலும் போதும். இருக்கிற பழைய பாட்டில்கள சாக்கடையில ஊத்திடாதீங்க, மழைத்தண்ணி வடிகால்ல பலது நீர்த்தேக்கத்துக்கு தான் போகுது, மீனுக்கும் இது விஷம். மூடிய இறுக்கி, 'விஷம்'னு பெருசா எழுதி ஒட்டி, பூட்டி வச்சிட்டு, எப்படி ஒழிக்கறதுன்னு டவுன் கவுன்சில்ல கேளுங்க. அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே ஷெட்ட திறந்து பாருங்க, எங்க பேட்டை குழு கூப்பிட்டா நானும் கையுறையோட வர்றேன்.