செயலாளரின் ஆண்டறிக்கை 2025: ஸ்பென் கிங் நூற்றாண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பழைய வண்டி என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று அவர் கண்ணில் படாமல் வெளியே போக முடியாது என்று சொல்லச் சொன்னார். பேசி வைத்திருந்த மண்டபம் ஒருமுறை கடைசி நேரத்தில் கைவிரித்ததால், அந்தக் கூட்டத்தை ஓர் உறுப்பினர் வீட்டு கராஜில் நடத்தினோம். மண்டபத்துக்கு வருவதைவிட அங்கே கூட்டம் அதிகம். செயற்குழு இதை யோசிக்க வேண்டும்.

சரி, இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1925 மார்ச் 26 அன்று பிறந்த சார்ல்ஸ் ஸ்பென்சர் கிங்குக்கு இது நூற்றாண்டு. ஸ்பென் கிங் என்றால்தான் வண்டிக்காரர்களுக்குத் தெரியும். முதல் ரேஞ்ச் ரோவரின் பின்னால் இருந்த பொறியாளர். வண்டி உருவான சாலிஹல் ஆலை, இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குப் பக்கத்தில், நம் பகுதியில்தான் இருக்கிறது. நம்மில் சிலர் இலங்கை மலையகத்தில் தோட்டத்து லேண்ட் ரோவரைப் பார்த்து வளர்ந்தவர்கள். இவருக்கு நாம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்காவிட்டால் வேறு யார் ஒதுக்குவார்கள்?

நிகழ்ச்சி தொடங்கியதுமே சண்டை. அழைப்பிதழில் 'ரேஞ்ச் ரோவரை வடிவமைத்தவர்' என்று போட்டிருந்தோம். வெளித்தோற்றத்துக்கு இறுதி வடிவம் கொடுத்தவர் டேவிட் பேச் அல்லவா, அவர் பெயர் எங்கே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் மாதிரி வண்டிக்குக் கிங்கும் கார்டன் பாஷ்ஃபோர்டும் தேவைக்கு ஏற்ப ஒரு உடலை ஒப்பேற்றினார்கள். ரோவர் நிர்வாகத்துக்கு அதன் அளவும் அமைப்பும் பிடித்துப்போக, பேச் அதைச் செதுக்கி முடித்தார். 1971-இல் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கும் அளவுக்கு அது அழகாக வந்தது. கிங்கே கூட உடல் வடிவத்துக்குத் தான் செலவிட்ட நேரம் மிகச் சொற்பம் என்றுதான் பின்னாளில் சொல்லிவந்தார். பாஷ்ஃபோர்டை யாருமே நினைப்பதில்லை. அடுத்த முறை மூன்று பெயரும் அழைப்பிதழில் இருக்கும் என்று உறுதி கூறிய பிறகே கூட்டம் அமைதியானது.

அப்புறம் பேச்சு வண்டியின் அடிப்பக்கம் போனது. அன்றைக்கு நேரம் போனதே அங்கேதான். அந்தக் காலத்து லேண்ட் ரோவருக்கு முன்னும் பின்னும் கமான் பட்டை, அதாவது தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங். எங்கும் ஏறும், ஆனால் ஏறி இறங்குபவரின் முதுகு தாங்காது. ரோவர் 2000 காரில் வேலை செய்த கிங்குக்கு, மேலும் கீழும் நிறைய ஆடக்கூடிய மென்மையான சுருள் ஸ்பிரிங் காட்டுப் பாதைக்கும் ஒத்துவரும் என்று தோன்றியது. கடினமான வேலைக்குக் கடினமான ஸ்பிரிங் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. மென்மையான ஸ்பிரிங்கில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்துவிடுமே? அதற்காகப் பின் அச்சுக்கு மேல், தானாக மட்டம் சரிசெய்யும் ஒரு யூனிட்டை வைத்தார்கள்.

எஞ்சின் அமெரிக்காவில் ப்யூக் கார் நிறுவனம் கைவிட்ட எட்டு சிலிண்டர் அலுமினிய வி8. 3,528 சிசி. அவ்வளவு சக்தியையும் பின் அச்சுக்கு மட்டும் அனுப்பினால் அச்சு தடிமனாக வேண்டும், எடை கூடும், சொகுசு போய்விடும். எனவே நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சக்தி பிரிந்து போகும்படி செய்தார்கள். சேற்றில் இறங்குவதற்காக மட்டும் இந்த நான்கு சக்கர இயக்கம் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எடை குறைப்பதும் அதில் ஒரு காரணம். வெளிப்பலகைகளில் பெரும்பகுதி அலுமினியம். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். 1970 ஜூனில் அறிமுகமானபோது உள்ளே தோலும் இல்லை, மரமும் இல்லை. வினைல் இருக்கை, தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய தரை, இரண்டே கதவுகள். நான்கு கதவு வர 1981 ஆகிவிட்டது. சொகுசு வண்டி என்ற பெயர் மெல்ல மெல்லத்தான் ஒட்டிக்கொண்டது. 1972-இல் ஜான் பிளாஷ்ஃபோர்ட் ஸ்னெல் தலைமையில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே உள்ள டேரியன் காட்டை இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் கடந்த கதையையும் ஒருவர் சொன்னார். சதுப்பு நிலத்தில் சுமார் மூன்று மாதம், வழியில் உடைந்த பாகங்கள் என்று அது தனியாக ஒரு மாலைக்கு வரும்.

கிங்கின் மற்ற வேலைகள் வரிசையாக வந்தன. ரோவரை நடத்திய வில்க்ஸ் சகோதரர்களுக்கு அவர் அக்கா/தங்கை மகன் முறை. 1945-இல் அங்கே சேர்ந்து, ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற கேஸ் டர்பைனில் ஓடிய ஜெட் 1 காரில் வேலை செய்தார். 1952-இல் பெல்ஜியத்தின் யாபெக்கில் அதை அவரே மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். பிறகு ட்ரையம்ப் கார் நிறுவனத்துக்குப் போய் அவர்களுடைய டாலமைட் ஸ்பிரின்ட் காருக்குப் பதினாறு வால்வு எஞ்சின் கொடுத்தார். இதையெல்லாம் வேகமாகக் கடந்துவிட்டோம். ட்ரையம்ப் ஆர்வலர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் மனதில் நின்றது அவருடைய கடைசிக்கால வேலை. கெய்டனில், ரோவரையும் ட்ரையம்பையும் உள்ளடக்கிய பிரிட்டிஷ் லேலண்டின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த 1980களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கியது ஈசிவி 3 என்ற சோதனைக் கார். மூன்று சிலிண்டர், அலுமினியக் கட்டமைப்பு, பிளாஸ்டிக் மேல்பலகை. நோக்கம் எரிபொருள் சேமிப்பு. ரேஞ்ச் ரோவரின் அப்பா ஏன் இப்படி மாறினார் என்று கேட்டார்கள். மாறவில்லை என்பது என் கருத்து. ரேஞ்ச் ரோவரிலும் எடையோடுதான் அவர் மல்லுக்கட்டினார். கனமும் பகட்டும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் நகருக்குள் சுற்றவும் இந்த மாதிரி வண்டிகளை ஓட்டுவது முட்டாள்தனம் என்று 2004-இல் அவர் வெளிப்படையாகவே சொன்னார். இதை வாசித்தபோது அரங்கில் சிலர் தரையைப் பார்த்தார்கள். வெளியே நின்ற வண்டிகள் என்னென்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது வேன் மோதிய விபத்தில் காயமடைந்து, 2010 ஜூன் 26 அன்று அவர் இறந்தார். வயது 85. அன்று ஒரு நிமிடம் எழுந்து நின்று மரியாதை செலுத்தினோம்.

வரும் கோடையில் குடும்பத்தோடு கெய்டன் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் போவது என்று முடிவாகியிருக்கிறது. கிங்கின் நினைவுக்காகவாவது ஆளுக்கொரு பெரிய வண்டியில் வராமல் சேர்ந்து வருவோம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். ஆதரவும் எதிர்ப்பும் சமமாக இருந்ததால், அந்த முன்மொழிவு இன்றைய பொதுக்குழுவின் முன் வைக்கப்படுகிறது. கை தூக்குவதற்கு முன் சந்தாவைக் கட்டிவிடுங்கள், கட்டாதவர்களுக்கு வாக்கு கிடையாது.

நன்றி, வணக்கம்.
செயலாளர்