நிலைக்கு நாள் குறிக்கும் முன் மரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுவீட்டுக் கதவுகள் ஒரே கோடையில் கோணுவதற்கும் பலகை வெடிப்பதற்கும் தச்சர்களின் அரைகுறை வேலைதான் காரணம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தச்சர் உளியை எடுக்கும் முன்பே, மரவாடியிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

நிலை வைக்க நல்ல நாள் குறித்துவிட்டு, அதற்கு முந்தின வாரம்தான் பலர் மரம் வாங்க வருகிறார்கள். அன்று அறுத்துக் கொடுப்பது பச்சை மரமாகத்தான் இருக்கும். ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அகலவாக்கில் 12 அங்குலப் பலகை, 12 சதவீத ஈரத்துக்கு வருவதற்குள் கால் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். அந்தப் பலகையைச் கதவுச் சட்டத்தின் காடியில், அதாவது பலகை செருகும் பள்ளத்தில், பசை போட்டு இறுக்கியிருந்தால் நடுவில் வெடிக்கத்தான் செய்யும்.

முறையாகக் காயவைக்க, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நிழலில் அடுக்க வேண்டும். வரிசைக்கு வரிசை இடையில் 1 அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), 2 அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேரில் இருக்க வேண்டும். ஒரு ரீப்பர் விலகினாலும் பலகை அந்த இடத்தில் வளைந்தே காயும். முனை வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறும் என்பதால், தாரோ பெயிண்டோ பூசாவிட்டால் முனை பிளக்கும். 1 அங்குலத் தேக்குப் பலகைக்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். 3 அங்குல நிலைச்சட்டத்துக்கு ஓராண்டும் போதாமல் போகலாம். எங்கள் செங்கோட்டைப் பகுதியில் ஆனி, ஆடிச் சாரலில் காய்வது கிட்டத்தட்ட நின்றேவிடும். சூடேற்றி உலர்த்தும் சூளையறையில் வைத்தால் சில வாரங்களிலேயே காய்ந்துவிடும். ஆனால் சூட்டை அவசரமாக ஏற்றினால் மேல்பக்கம் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். பிறகு அறுக்கும்போது மரம் வாளைக் கவ்வும்.

ஈரமானியைப் பலகையின் முனையில் குத்திக் காட்டினால் நம்பாதீர்கள், முனை எப்போதும் முதலில் காய்ந்திருக்கும். நடுவில் அறுத்து, அந்தப் புதுமுகத்தில் குத்தச் சொல்லுங்கள்.

மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியபின், தூத்துக்குடி வழியாக ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டத் தேக்கு நிறைய வருகிறது. இளமரம் என்பதால் நடுவிலுள்ள கெட்டியான வைரம் குறைவு, பட்டையை ஒட்டிய வெள்ளை அதிகம். தேக்கு என்ற பெயரே காப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளைப் பகுதியைப் பூச்சி அரிக்கும். சாயம் பூசிய மரத்தில் வெள்ளை தெரியாது, பூசும் முன்பே பாருங்கள். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் ஊறவைத்தால் உள்கதவுக்குப் போதும். மழை படும் இடத்தில் அது கரைந்து போய்விடும்.

அளவிலும் ஒரு செய்தி உண்டு. 5க்கு 3 அங்குலச் சட்டம் 22 அடி நீளம் என்றால் 2.29 கன அடி. இழைத்தபின் அது நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால் ஆகும். 13 சதவீதம் சீவலாகப் போய்விடும். இது ஏமாற்று அல்ல. ஆனால் பில்லில் உள்ளது அறுத்த அளவா, இழைத்த அளவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாததால்தான் தகராறு வருகிறது.

கடைக்கால் தோண்டும்போதே மரத்தை அறுத்து அடுக்கிவிட்டால் கதவுப் பலகைக்காவது அவகாசம் கிடைக்கும். நிலைக்கு மட்டும் பழைய வீட்டு மரமோ, முன்பே காய்ந்த இருப்போ தேடுவது நல்லது.

மழையில் கதவு இறுகுவது வேறு கதை. சுற்றிலும் அரைக்கால் அங்குலம் இடைவெளி விட்டு, கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயிண்ட் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணில் படாத அந்த இரண்டு விளிம்புகளைத்தான் பெயிண்டர்கள் விட்டுவிடுகிறார்கள்.

– மரவாடித் தொழில் செய்வோர் சிலர்,
செங்கோட்டை