ஆடு தள்ளாடினால் வாய்க்கால் கரையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடைக்கால ஆடு வளர்ப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் குடற்புழு, துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி என்று ஆட்டு நோய்கள் எல்லாம் இருந்தன. எங்கள் டெல்டா பக்கம் ஆடுகளைக் கெடுக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரமெல்லாம் மண்டிவிட்ட செடி அது. ஒடித்தால் பால் வடியும். ஆடு அதைத் தொடாது என்பார்கள். வேறு பச்சை இருக்கும்வரை அது சரி. சித்திரை, வைகாசியில் புல் பூண்டெல்லாம் கருகிய பிறகு இது ஒன்றுதான் தழைத்து நிற்கும். பசிக்குக் கடிக்கத் தொடங்கும் ஆடு, அப்புறம் பழகிப்போய் அதையே தேடிப் போகும்.

அரளியைத் தின்ற மாடுபோல உடனே விழுந்தால் காரணம் தெரிந்துவிடும். இதில் வாரக்கணக்கில் தின்ற பிறகுதான் தெரியும். இலையில் உள்ள ஸ்வைன்சோனைன் என்ற நஞ்சு, உயிரணுக்களுக்குள் சில சர்க்கரைப் பொருட்களைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. சிதையாத கழிவு நரம்பணுக்களில் தேங்குகிறது. ஆடு இளைக்கும், மந்தமாக நிற்கும், தலை நடுங்கும், பின்னங்கால் பின்னும். எங்கள் தெருவில் ஓர் அம்மாவின் வெள்ளாடு தண்ணீர்த் தொட்டிக்கு வாயைக் கொண்டுபோகும்போதெல்லாம் தலை ஆடி ஆடி, மூக்கு விளிம்பில் இடித்துக்கொண்டது. அதட்டி ஓட்டினால் நாலடி போய்ச் சரிந்தது. காற்றுக் கருப்பு என்று மந்திரித்தார்கள். குடற்புழு மருந்தும் கொடுத்தார்கள். மேய்ந்த இடத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆரம்பத்திலேயே செடியிலிருந்து பிரித்துக் கட்டிப்போட்டு வேறு தீவனம் கொடுத்தால் தேற வாய்ப்புண்டு. நரம்பு கெட்ட பிறகு மீட்க முடியாது. தாய் ஆட்டின் பால் வழியாகவும் இந்த நஞ்சு குட்டிக்குப் போகும் என்பது இன்னும் கொடுமை.

ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன் வாய்க்கால் தூர்வாரும்போது இந்தச் செடியை வெட்டிக் கரையிலேயே போட்டுவிடுகிறார்கள். ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லாத நேரமும் அதுதான். அதுவும் ஈரம் பட்டால் வெட்டிய துண்டெல்லாம் வேர் விட்டுவிடும். அரசு கொடுத்த இலவச ஆடுகளை நம்பி வாழும், சொந்த நிலமில்லாத பெண்களுக்கு அந்தக் கரையை விட்டால் மேய்க்க வேறு இடமில்லை. வேரோடு தோண்டி, ஆடு எட்டாத இடத்தில் காயவைத்து அழிக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கால்நடை முகாம்களில் தள்ளாடும் ஆட்டைப் பார்த்ததும் மருத்துவர்கள் எங்கே மேய்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்த இதழில் இந்தச் செடியின் படத்தைப் பூவோடும் இலையோடும் பெரிதாகப் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் காட்டி விளக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.