முற்றத்தை மூட வேண்டாம், தம்பி

சிவமயம்

பள்ளத்தூர்
சோபகிருது வருடம், பங்குனி 22
(4-4-2024)

அன்பு மகனுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. அப்பச்சியும் நானும் நலம். அங்கே நீ, மருமகள், பிள்ளைகள் எல்லோரும் நலமா?

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். நாளிதழிலும் அது வந்திருந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பெரும்பகுதியில் வெப்பம் இயல்பை விட அதிகமாக இருக்கும், வழக்கமாக 4 முதல் 8 நாள் வரை வீசும் வெப்ப அலை இந்த ஆண்டு பல இடங்களில் 10 முதல் 20 நாள் வரை நீடிக்கலாம் என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்லியிருக்கிறது. அதைப் படித்துப் பயந்துபோய், ஜூனில் நாங்கள் ஊருக்கு வருவதற்குள் முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடி, வளவு வீடு முழுவதும் ஏசி வைத்துவிடலாம், செலவு என்னுடையது என்று எழுதியிருக்கிறாய். உன் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் முற்றத்தை மூட நான் சம்மதிக்க மாட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரி சரி என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த அறிக்கையை நிதானமாகப் படி. இயல்பை விட அதிகம் என்பது மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்லும் கணிப்பு. ஒவ்வொரு நாளும் கொளுத்தும் என்று அதற்குப் பொருள் இல்லை. குஜராத், மத்திய மகாராஷ்டிரம், வட கர்நாடகம் என்று கடுமையாகப் பாதிக்கப்படும் இடங்களையும் சொல்லியிருக்கிறார்கள். சிவகங்கைச் சீமை அதில் இல்லை. அதற்காக நமக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பொதுவாகச் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, அந்த இடத்து இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அதை வெப்ப அலை என்று கணக்கில் சேர்ப்பார்கள். மே மாதத்தில் நம் பக்கத்து இயல்பே 38-ஐ ஒட்டித்தான் இருக்கும். 42-ஐயும் தாண்டினால்தான் நம் ஊர் அந்தக் கணக்கில் வரும். 41 அடிக்கிற நாளில் காரைக்குடிச் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்புகிறவர்களைக் கேட்டுப் பார், அது வெப்ப அலையா இல்லையா என்று.

நீ கவனிக்காமல் விட்ட இன்னொரு வரியும் அதில் இருக்கிறது. இரவு வெப்பமும் பெரும்பாலான இடங்களில் இயல்பை விடக் கூடும் என்கிறார்கள். என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். நம் வீடு பகல் வெயிலுக்கு அஞ்சாது. இரண்டடிச் சுவர், மேலே அடுக்கடுக்காக நாட்டு ஓடு, காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். போன வருடம் கத்திரியில், நீ விட்டுப்போன வெப்பமானியை வாசல் திண்ணையில் வைத்துப் பார்த்தேன், 40 காட்டியது. அதையே வீட்டுக்குள் இரண்டாம் கட்டுப் பகுதியில் கொண்டுபோய் வைத்தால் 34. ஆனால் அந்த வெப்பம் எங்கும் போய்விடவில்லை, சுவருக்குள்தான் இருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பட்டாலைத் திண்ணைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மேலே கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்கிற அந்தச் சுண்ணாம்புப் பூச்சு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அதே இடத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் அந்தச் சூட்டை வெளியே எடுத்துப்போனது முற்றம்தான். சுவர் விடுகிற சூட்டில் காற்று மேலே ஏறி, முற்றத்து வாய் வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வருகிறது. முற்றத்துக் கல்தரையும் வானத்தைப் பார்த்தே ஆறுகிறது. இரவே புழுக்கமாக இருக்கப்போகிற வருடத்தில் அந்த ஒரு வாயையும் அடைத்தால், சுவர் பகலில் வாங்கியதை எங்கே கொண்டுபோய் இறக்கும்? மறுநாள் அந்தச் சூட்டோடுதான் விடியும்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குரங்குத் தொல்லைக்காகப் போன வருடம் ஷீட் போட்டார்கள். அங்கே சாந்தி கல்யாணம் என்கிற அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வெளிச்சம் என்னவோ நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அந்த வெளிச்சத்தோடு உள்ளே வந்த சூடு வெளியே போக வழியில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை மூடாமலே எழுந்துபோய்க் காற்று வாங்கினார்கள். அந்த வீட்டு ஆச்சி, ராத்திரி முழுக்க ஏசி ஓடினால்தான் கண்ணை மூட முடிகிறது என்று என்னிடம் சொல்லி வருந்தினார்கள். அவர்கள் வீடும் நம் வீட்டைப் போலக் கட்டியதுதான்.

குரங்குக்கும் புறாவுக்கும் என்றால் கம்பி வலை போதும். காற்றையும் மழையையும் அது தடுக்காது. சித்திரை, வைகாசியில் வெப்பச் சலனத்தால் சாயங்காலம் இடி இடித்துப் பெய்யும் மழை கூரைக் கூடல்வாய் வழியாக முற்றத்தில் கொட்டும்போது, அண்டாவை வைத்துப் பிடித்த ஞாபகம் உனக்கு இருக்கும். அந்த மழை எந்த ஊரில் எந்த நாள் பெய்யும் என்று எந்த மூன்று மாத அறிக்கையும் சொல்லாது. பெய்கிற நாளில் நம் முற்றம் திறந்திருக்கட்டும்.

பிள்ளைகளுக்காக ஒரே ஒரு அறையில் ஏசி வைத்துக்கொள்வோம், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. சின்னவளுக்கு வியர்க்குரு வந்தால் பாவம். தாழ்வாரத்து மேற்குப் பக்கத்துக்கு வெட்டிவேர்த் தட்டி சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறும்போது இறக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடலாம். வாசலுக்குக் கீற்றுப் பந்தல் போடச் சொல்லி அப்பச்சி ஆள் பார்த்துவிட்டார்கள்.

ஜூனில் கத்திரி முடிந்திருக்கும், கேரளத்தில் மழையும் ஆரம்பித்துவிடும், அதனால் குளுமையாக இருக்கும் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அவளிடம் எடுத்துச் சொல். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வரும் மேற்குக் காற்று நம் பக்கம் வறண்டுதான் வீசும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே பருத்தி உடுப்புகளாக எடுத்து வாருங்கள். திருச்சியில் இரவு இறங்குகிற விமானமாகப் பார்த்து டிக்கெட் போடு. பகலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் காரில் வரவேண்டாம். பிள்ளையார்பட்டிக்கு விடியற்காலையில் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவோம்.

இன்னொன்று. வீட்டில் நம் குடும்பம் என்கிற ஒரு புள்ளி மட்டும் இல்லை, மற்ற மூன்று பங்காளிகளும் இருக்கிறார்கள். முற்றம் எல்லோருக்கும் பொது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓடு மாற்றுவது பற்றிப் பேச எல்லோரும் கூடுகிறோம். ஷீட் வேண்டாம், வலை போதும் என்று உன் வாயாலேயே அதற்கு முன்பு அப்பச்சியிடம் சொல்லிவிடு. கடைக்காரருக்கு முன்பணம் ஏதும் அனுப்பிவிடாதே.

முற்றத்தில் கூழ் வத்தலும் மோர் மிளகாயும் காய்கின்றன. பெரியவனுக்குப் பிடிக்குமே என்று வத்தலை இந்த முறை இரண்டு படி அதிகமாகப் போட்டிருக்கிறேன். வெயில் தாழ்வாரத்தை விட்டு நகர்ந்துவிட்டது, போய் எடுத்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
ஆத்தா