யார்க்‌ஷயர் மலைக் கிராமங்களில் பழைய கல்வீடு வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வட இங்கிலாந்தின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில், மியூக்கர், கன்னர்சைடு பக்கம் ஒரு கல்வீட்டைப் பார்த்து மனசைப் பறிகொடுத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: சுவரில் ஈரம் தெரிந்ததும் ஆளைக் கூப்பிட்டு சிமென்ட் பூசிவிடாதீர்கள்.

முதலில் அந்தச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டடித் தடிமன். உண்மையில் அது உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சுவர். நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அங்கங்கே குறுக்கே ஒரு நீளக் கல். கூரையில் வேய்ந்திருப்பதும் மணற்கல் பலகைதான்: இறவாரத்தில் பெரிய கல், ஏற ஏறச் சிறுத்து முகட்டுக்குப் போகும். சில வீடுகளில் வாசலுக்கு மேலே கட்டிய ஆண்டையும், கணவன் மனைவி பெயரின் முதல் எழுத்துகளையும் செதுக்கியிருப்பார்கள். 1600களின் ஆண்டுகள்கூட உண்டு. ஈயச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் குடியிருந்த வீடுகள் இங்கே நிறைய. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈய விலை விழுந்ததும் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனார்கள். வீடுகள் நின்றன.

அவற்றை நிற்க வைத்ததில் சுண்ணாம்புக் காரைக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மலைச் சுண்ணாம்புக் கல்லையே சூளையில் சுட்டு எடுத்தது. பழைய சூளைகள் இன்னும் சரிவுகளில் இருக்கின்றன. அந்தக் காரை கல்லைவிட மெத்தென்றது. மழை உள்ளே இறங்கினாலும், காற்றடிக்கும்போது ஈரம் கல் இடுக்கில் உள்ள காரை வழியாகவே வெளியேறிவிடும். இன்று நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லேண்ட் சிமென்டோ ஈரத்தை அவ்வளவு எளிதில் விடாது. 1824இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் இதே யார்க்‌ஷயரின் லீட்ஸ்காரர் என்பது எனக்கு இன்றும் வருத்தமான வியப்பு.

என் வீட்டு வடக்குச் சுவரில் நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்கு வந்தவர், 'கல் இடுக்கில் சிமென்ட் வைத்தால் ஆயுசுக்கும் கவலை இல்லை' என்றார். நம்பினேன். மூன்றாவது குளிர்காலம் முடிந்தபோது கல்லின் முகம் ஏடு ஏடாக உரிந்தது. வெளியேற வழியில்லாத ஈரம் கல்லுக்குள்ளேயே உறைந்து அதைப் பிளந்திருக்கிறது. தொட்டால் மணலாக விரலில் ஒட்டியது. சிமென்ட் கோடுகள் மட்டும் அப்படியே துருத்திக்கொண்டு நின்றன. உரிந்த கல்லுக்கு மறுபடி முகம் வராது. அதை நினைத்தால் இன்னமும் மனம் ஆறவில்லை.

அதனால் ஈரம் கண்டால் முதலில் மழைநீர்க் குழாயைப் பாருங்கள். வெளியே மண் மேடேறிச் சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும். அப்புறம், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். செலவு கூடும், உண்மைதான். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உங்கள் வீடு இருந்தால், கை வைப்பதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு அடங்கிய தேசியப் பூங்காவின் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். பனி விழும் மாதங்களில் சுண்ணாம்புக் காரை வைக்கவே கூடாது. இறுகுமுன் உறைந்து உதிர்ந்துவிடும். கொத்தனார் மே மாதம் வருகிறேன் என்றால், தயவுசெய்து மே மாதம்வரை காத்திருங்கள்.

அன்புடன்,
வடக்குச் சுவரைக் கெடுத்துக்கொண்ட ஒரு பக்கத்து ஊர்க்காரர்