கோத்தகிரியிலிருந்து ஒரு தாமதமான பதில்

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். தங்கச்சியும் தேன்மொழியும் நலமென்று நம்புகிறேன். கல்லூரியில் சேரும் தேன்மொழிக்கு எந்த மடிக்கணினி வாங்கலாம் என்று நீ ஆடியில் கேட்டாய். நான் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். இந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அப்போதே எழுதியிருந்தால், "ஹோம் பதிப்பு வேண்டாம், கூடுதல் வசதிகள் கொண்ட விண்டோஸ் ப்ரோ உள்ளதையே வாங்கு" என்று தவறாகச் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி மழையில் எங்கள் தெருவுக்கு மேலே ஒரு சில்வர் ஓக் மரம் மின்கம்பியில் சாய்ந்தது. என் பழைய மடிக்கணினியின் பேட்டரி செத்து ஓராண்டு ஆகியிருந்ததால், கரண்ட் போன நொடியிலேயே அதுவும் அணைந்தது. மறுநாள் திறந்தபோது, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) முரண்டு பிடித்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கடைசி கமிட்டுக்குரிய, அதாவது கடைசியாகப் பதிந்த மாற்றத்துக்குரிய, மூன்று கோப்புகளும் பூஜ்யம் பைட்டாகக் கிடந்தன. சர்வரில் முந்தைய பிரதி இருந்ததால், ஒரு நாள் வேலை மட்டும்தான் போயிற்று.

பேட்டரியை மாற்றி ஓட்டலாம் என்றால், அதில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11 அதை ஏற்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே மழை விட்டதும் கோவைக்கு இறங்கினேன்.

கடையில் இருந்தவர், "டாக்கர் ஓட்ட ப்ரோதான் சார் வேண்டும்" என்றார். (டாக்கர் என்பது ஒரு நிரலை அதற்கு வேண்டியவற்றோடு தனிப் பெட்டிபோல் கட்டி ஓட்டும் கருவி.) நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. டாக்கர் டெஸ்க்டாப் அன்று, கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் ஹைப்பர்-வியை நம்பியிருந்தது, அது ஹோம் பதிப்பில் கிடையாது. லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை விண்டோஸுக்குள்ளேயே ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2 (WSL 2) 2020-இல் வந்தபின், ஹோமிலேயே உண்மையான லினக்ஸ் கெர்னல், அதாவது அதன் மையப்பகுதி, ஓடுகிறது, டாக்கரும் அதன்மேல் ஓடுகிறது. ப்ரோவில் கூடுதலாகக் கிடைப்பவை ஹைப்பர்-வி, சந்தேகமான நிரலைத் தனியே ஓட்டிப் பார்க்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், வெளியிலிருந்து உன் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் வசதி போன்றவை. ஊர் ஊராகச் சுற்றும் உனக்கு அந்தக் கடைசி வசதி பயன்படும், தேன்மொழிக்கு வேண்டாம்.

சண்முகம், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஹோமை நாளைக்கே பணம் கட்டி ப்ரோவாக மாற்றிக்கொள்ளலாம், எதையும் அழித்து நிறுவ வேண்டியதில்லை. ஆனால் போர்டிலேயே பற்றவைத்துவிட்ட ரேமை (நினைவகத்தை) எந்தப் பணத்தாலும் கூட்ட முடியாது. டபிள்யூ.எஸ்.எல். 2 இயல்பாக மொத்த நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி உள்ள கணினியில் லினக்ஸுக்கு 4 போனால், மீதி 4-இல் விண்டோஸும் பிரவுசரும் எடிட்டரும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். நான் ஹோம் பதிப்போடு 16 ஜிபி உள்ளதை எடுத்தேன். இன்னொரு ரேம் போடக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு, அட்டைப்பெட்டியிலும் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். ப்ரோவுக்கு வைத்திருந்த தொகை அந்த இரண்டாவது ரேமுக்குப் போகிறது.

தேன்மொழியிடம் ஒன்று சொல். டபிள்யூ.எஸ்.எல். 2-இல் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவியபின் நிரல் கோப்புகளைச் சி டிரைவில் வைக்காமல் லினக்ஸுக்குள் அவளுக்கென இருக்கும் ஹோம் கோப்புறையிலேயே வைக்கட்டும். என் பெரிய புராஜெக்ட்டைச் சி டிரைவிலிருந்து அங்கே மாற்றியதும், எந்தக் கோப்புகள் மாறியுள்ளன என்று கிட் ஸ்டேட்டஸ் கட்டளையில் கேட்டுக் காத்திருந்த நிலை மாறி உடனே பதில் வந்தது.

எனக்கு ஒரு கவலை மட்டும் மீதி இருக்கிறது. ஹோம் பதிப்பிலும், வட்டில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் வட்டு மறையாக்கம் தானாகவே இயங்கிவிடலாம். அதன் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் மட்டும் இருந்து, கணினி அந்தச் சாவியைக் கேட்கும்போது கணக்குக்குள் நுழைய முடியாமல் போனால், வட்டில் உள்ள எதையும் திறக்க முடியாது. என் சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். தேன்மொழியின் சாவியை நீயே உன் கையால் எழுதி வை. உன் கையெழுத்தை அழகேசன் சார் ஒருவர்தான் படித்தார் என்பதால், அவளை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்.

வாங்குமுன் மாடல் எண்ணை எனக்கு அனுப்பு. இந்த முறை அன்றே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
பெள்ளி