இறவாரம் போன தெரு

நாகர்கோவில்,
ஐப்பசி

அன்புள்ள தாணு,

கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே மழை பிடித்துக்கொண்டது. வயல் ஏலாவில் கும்பப்பூப் போக நெல் நடவு நடக்கிறது. மனை போடாமல் மிச்சம் விட்ட ஏலாவில் என்று திருத்திப் படித்துக்கொள்.

மகளுக்குப் பார்வதிபுரத்தில் ஆறு சென்ட் வாங்கிய சேதியைச் சொன்ன கையோடு, "நாகர்கோவிலைப் போல அவலட்சணமான ஊர் கிடையாது மக்கா, திருவனந்தபுரம் எப்படி இருக்கு, நம்ம ஊர் எப்படி ஆயிப்போச்சு" என்று எழுதியிருக்கிறாய். பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் திருவனந்தபுரம் அழகுதான். ஆனால் அது வீட்டால் வந்த அழகா? கவடியார் சாலையில் நீ பார்ப்பது மரம். மேடும் பள்ளமுமான நிலம், வளவுக்கு வளவு பலா, மா, தென்னை. ஒரு வீட்டில் கால்வாசிதான் வெளியே தெரியும். மரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் இங்கே இருக்கிற அதே பெட்டி வீடுதான் அங்கேயும். எங்கள் புது நகர்களுக்கு அந்தத் திரை கிடையாது. வயலை நிரவிய தட்டை நிலம், முன்னால் ஒரு முருங்கைகூட நிற்காது. உள்ளது உள்ளபடி தெரிகிறது.

வடிவீஸ்வரம், சுசீந்திரம் ரத வீதி, உங்கள் கரமனை அக்ரஹாரம் மூன்றையும் மனதில் நிறுத்திப் பார். அங்கே தனியாக ஒரு வீட்டைக் காட்டி இது அழகு என்று சொல்ல முடியாது. குனிந்து நுழைய வேண்டிய நடை, இருட்டான அறைகள், ரயில் பெட்டி போல நீளம். அழகு வீட்டில் இல்லை, கூரை சுவரைத் தாண்டி நீளும் விளிம்பான இறவாரத்தில் இருக்கிறது. தெரு முழுக்க ஒரே உயரத்தில் ஓட்டுச் சரிவு இறங்குகிறது, அதன் கீழே திண்ணை. மழைத் தண்ணீர் சுவரில் படாமல் தள்ளி விழுகிறது. நடந்து போகிறவன் நனையாமல் ஒதுங்குகிறான். தண்ணீருக்காக வைத்த கோடுதான் தெருவுக்கே லட்சணமாக ஆகிவிட்டது.

அந்த வரிசையில் ஒருவர் இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்பினால் கோடு மட்டுமா உடைகிறது? புதுச் சுவர் பக்கத்து வீட்டு ஓட்டை ஒட்டி மேலே போகும். சுவரில் அடிக்கிற மழையெல்லாம் வழிந்து, ஓடும் சுவரும் சேரும் இடத்தில் இறங்கும். அங்கே அலுமினியத் தகட்டை ஒன்பது அங்குலம் மேலே மடக்கி, சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிச் செருகிப் பூச வேண்டும். நம் கொத்தனார் சிமெண்டை முக்கோணமாக அப்பிவிட்டுப் போவார். ஓடு வெயிலில் ஒரு மாதிரி விரியும், சுவர் வேறு மாதிரி விரியும். அடுத்த சித்திரைக்குள் விரிசல். பழைய வீட்டுக்காரரும் அலுத்துப்போய் ஓட்டைப் பிரித்துவிடுகிறார். ஒரு தெரு இப்படித்தான் ஒவ்வொரு வீடாகப் போகிறது. யாரும் ரசனை கெட்டுப்போய் இடிக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இங்கே செட்டிகுளம் சந்திப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் கண்ணை உறுத்துகிறவை, நீலத் தகரக் கூரை, கைப்பிடிச் சுவரில் வழிந்த கறுப்பு, சாலைவரை நீண்ட சாய்தளம், அநேகமாக எல்லாமே தண்ணீருக்கு முதலில் வழி வைக்காமல், பிறகு ஒட்டவைத்தவை.

மட்டுப்பாவை, அதாவது மொட்டைமாடித் தளத்தை, எடுத்துக்கொள். தென்மேற்குப் பருவமான இடவப்பாதி ஒன்று, வடகிழக்குப் பருவமான துலாவர்ஷம் ஒன்று என்று இரண்டு மழை வாங்குகிற மாவட்டம் இது. இங்கே தட்டைக் கூரை போடுவது தப்பில்லை, வாட்டம் இல்லாமல் போடுவதுதான் தப்பு. நூறுக்கு ஒன்று, எண்பதுக்கு ஒன்று என்று சரிவு வேண்டும். 30 அடி நீளத் தளத்துக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நான்கு அங்குல இறக்கம். கொத்தனார் கண் அளவில் விடுவது ஒன்றரை அங்குலம். சுமார் 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வேண்டும்; முழு மாடிக்கும் ஒரே குழாய் வைத்து, அதன் வாயில் வேப்பிலை அடைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை உருட்டிப் பூசாமல் செங்கோணமாக விட்டுவிடுவார்கள். பத்து வருஷத்துக்குள் படுக்கையறை மேல்தளத்தில் மஞ்சள் வட்டம் விழும்.

அப்புறம் என்ன, தகரக் கூரை. வெயிலுக்கும் ஆச்சு, துணி காயப்போடவும் ஆச்சு என்று மாடி மேலே எட்டடிக்கு இரும்புக் குழாய் நட்டு, நீல ஷீட் போடுகிறார்கள். நாகர்கோவிலானாலும் நெய்யாற்றின்கரையானாலும் இன்று வீட்டுக்கு முகம் அந்தத் தகரம்தான். கால் குழாயின் அடித்தகட்டை நேராகத் தளத்தில் துளைபோட்டு போல்ட் அடிப்பார்கள். தளத்தின் மேல் பூசிய சுருக்கிச் சாந்தும் பதித்த தட்டோடும் அந்த இடத்தில் உடையும். ஒழுக்கை நிறுத்தப் போட்ட கூரை, காலுக்கு நான்கு துளை வீதம் புது ஒழுக்கைக் கொண்டுவருகிறது. கீழே தூண் இருக்கும் இடமாகப் பார்த்து, ஆறு அங்குலக் கான்கிரீட் மேடை கட்டி அதன் மேல் கால் வைத்தால் இந்தக் கதையே இல்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது இந்தக் கூரைகள்தான் முதலில் பறந்தன. கீழே நாலு பக்கமும் திறப்பு, காற்று உள்ளே புகுந்து மேலே தூக்கும். ஷீட்டின் வெளி நீட்டம் இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. திருகாணியை மேட்டில்தான் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன் வழியே இறங்கும். அளவுக்கு மீறி முறுக்கினால் ரப்பர் வாஷர் பிதுங்கி வெயிலில் வெடித்துவிடும்.

கறுப்புக் கறைக்குக் காரணம் இன்னும் சின்னது. கைப்பிடிச் சுவரின் தலையைத் தட்டையாகப் பூசுகிறார்கள். தூசியும் பாசியும் கலந்த தண்ணீர் தெருப்பக்கம் வழிகிறது. தலையை உள்பக்கமாக, மாடியை நோக்கி, ஓர் அங்குலம் சரித்துவிட்டால் போதும். சன்ஷேடின் அடியில் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குல அகலத்தில் ஒரு காடி. தண்ணீர் அங்கே அறுந்து சொட்டும், சுவருக்கு வராது. பூசும்போது ஒரு கம்பியை வைத்து எடுத்தால் காடி ஆகிவிடும். செலவே கிடையாது. இதைச் செய்யாமல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊதா, கிளிப்பச்சை என்று பெயிண்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது சாய்தளம். உன் மனைக்கு நேராக வருகிற விஷயம், கவனித்துப் படி. ஏலா நிலம் தாழ்வு. சாலையைச் சுரண்டாமல் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு அது உயர்ந்துகொண்டே போகிறது. பயந்துபோய் எல்லாரும் வீட்டுத் தளத்தை மூன்றடி தூக்கிவிடுகிறார்கள். கார் ஏற எட்டுக்கு ஒன்று சரிவு வேண்டும். மூன்றடி ஏற 24 அடி நீளம். முன்னால் இருப்பதோ பத்தடி. மீதியை ஓடையை மூடிச் சாலைமேல் நீட்டுகிறார்கள். ஓடை அடைபட்டதும் தெருவில் தண்ணீர் நிற்கும், அடுத்து வருகிறவர் நான்கடி தூக்குவார். நீ செய்ய வேண்டியது: வீடு உயரட்டும், கார் நிற்கும் இடம் தாழ்வாகவே இருக்கட்டும். சாலையிலிருந்து ஒன்பது அங்குலம் போதும். ஆறடிச் சரிவு, உன் காம்பவுண்டுக்குள்ளேயே முடியும். காரிலிருந்து வீட்டுக்கு நாலு படி ஏறினால் ஒன்றும் குறைந்துவிடாது.

மனை முழுக்க மண் அடிக்காதே. ஆறு சென்ட் என்றால் சுமார் 2,600 சதுர அடி. மூன்றடி நிரப்ப 78 யூனிட் (யூனிட் என்றால் நூறு கன அடி) மண். ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளி, அடுத்த மாதம் டைல்ஸ் ஒட்டினால் மண் அடங்கும்போது தரை ஓரமாக உட்காரும், தரைமேல் நிறுத்திய நாலரை அங்குலச் சுவர் குறுக்காக வெடிக்கும். வீட்டுக்கு அடியில் மட்டும் நிரப்பு. ஆறு அங்குலம் அடித்து, தண்ணீர் விட்டு, இடித்து, பிறகு அடுத்த ஆறு அங்குலம். அஸ்திவாரம் நிரப்பிய மண்ணில் நிற்கவே கூடாது. மூன்று இடத்தில் குழி தோண்டிப் பார்த்து, வயல் களிக்குக் கீழே கெட்டி மண் எங்கே என்று தெரிந்த பிறகுதான் இன்ஜினியரிடம் வரைபடம் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை கேட்கிற 'எலிவேஷன்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகப்பில் ஒட்டுகிற அலுமினியப் பலகையும் கல் துண்டும் வீட்டுக்கு எந்த வேலையும் செய்வதில்லை. அந்தப் பணத்தைக் கூரைக்குப் போடு.

கூரைக்கு என் யோசனை. கீழ்த்தளத்துக்குக் கான்கிரீட், மேல்தளத்துக்கு முதலிலிருந்தே ஓடு. எப்படியும் பத்து வருஷத்தில் தகரம் போடப்போகிறவர்கள், இன்றே ஒழுங்காகச் சரிவு வைத்துவிடலாமே. தண்ணீர்த் தொட்டி வைக்கக் குளியலறைக்கு மேல் மட்டும் தளம் போட்டு, தொட்டியைப் பின்பக்கம் தள்ளிவிடு. சரிவு 30 பாகைக்குக் குறைய வேண்டாம். தரை அளவில் ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடி, கூரைக்கு, சரிவைச் சேர்த்தால் 115 சதுர அடி ஆகும். மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு 140, உடைவுக்குச் சேர்த்து 150 வாங்கு. பழைய வீடு இடித்த ஓடு மலிவாகக் கிடைக்கும். தட்டினால் மணிச்சத்தம் வர வேண்டும். இரண்டரைக் கிலோ ஓட்டை ஒரு நாள் தண்ணீரில் போட்டு எடுத்தால் அரைக் கிலோவுக்கு மேல் எடை கூடினால் வேண்டாம். பனங்கை, அயினி மரச் சட்டங்களுக்கு இப்போது கொடுத்துக் கட்டாது, துத்தநாகம் பூசிய குழாய்ச் சட்டம் போதும். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களின் இடைவெளி 12½ அங்குலம் என்பார்கள். வாயால் சொன்னதை நம்பாதே, வாங்கிய ஓட்டைத் தரையில் கோத்து அளந்த பிறகு வெல்டரை விடு. அரை அங்குலம் தவறினாலும் ஆடிச் சாரல் ஓட்டுக்கு அடியில் ஏறும். இறவாரத்து முதல் இரண்டு வரிசையையும் இரு ஓர வரிசைகளையும் கம்பியால் கட்டிவிட வேண்டும். இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டரை அடி. உள்ளே சூடு இறங்காமல் இருக்க அடி ஓடு ஒரு அடுக்கு.

கான்கிரீட்டையே சாய்த்துப் போட்டு அதன்மேல் ஓடு ஒட்டுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். சாய்வில் கான்கிரீட் வழுக்கி இறங்கும், சரியாக இறுகாது, தேன்கூடு போல உள்ளே ஓட்டை விழும். ஒட்டிய ஓட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. ஓட்டின் எடை, கான்கிரீட்டின் விலை, இரண்டின் ஒழுக்கும் சேர்ந்து வரும்.

சுவருக்கு நீ திருவனந்தபுரத்தில் இருப்பது வசதி. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய தம்பானூர் காபி ஹவுஸுக்கும் உள்ளூர் என்கிற பகுதியில் உள்ள வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்துக்கும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. பூசாத செங்கல் எத்தனை வருஷம் மழையில் நிற்கும் என்று அவரே பார்க்கட்டும். பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலைப் படுக்கவைக்காமல் ஓரத்தில் நிறுத்தி நடுவே இடைவெளி விடுவதால் கால்வாசி செங்கல் மிச்சம். ஆனால் எல்லாக் கல்லும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கலவை இடைவெளிக்குள் விழாமல் வைக்கப் பழகிய கொத்தனார் வேண்டும். இங்கே சூளைக் கல் லோடுக்கு லோடு மாறுகிறது. அதனால் முன் சுவர் மட்டும் அப்படி, மற்றதைப் பூசிவிடலாம் என்பது என் எண்ணம். இங்கே வருகிற வழியில் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையிலும் இறங்குங்கள். நிலம் நம்முடையது, நிர்வாகம் உங்கள் கேரளத்துடையது. தர்பார் மண்டபத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் வெளியே நின்று கூரை எவ்வளவு தாழ இறங்கியிருக்கிறது, மரச் சுவரில் மழை படாமல் எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மனையைப் பார்க்க வெயில் நாளில் வராதே. கார்த்திகை மழை கனமாகப் பெய்து விட்ட மறுநாள் காலையில் வா. பக்கத்து வீட்டு ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது, தெருமுனைக் கலுங்கு (ஓடைச் சிறுபாலம்) உன் மனையைவிட உயரமா தாழ்வா என்று தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் பிடித்துப் பார்த்துவிடலாம். குழாய் என்னிடம் இருக்கிறது. மனையின் அளவு காட்டும் புலப்பட நகலும், பட்டாவும் நீ கொண்டு வா.

அன்புடன்,
ஐயப்பன்